மாசிக் குளிரில் அம்மாவை எந்தக் கடலுக்கு அழைத்துச் செல்வது?

கேள்வி: வடலி (மார்க்கம், ஒன்ராறியோ)

அனைவருக்கும் வணக்கம். வருகிற பெப்ரவரியில் ஒரு கிழமைக்கு வெயிலுள்ள கடற்கரை ஒன்றுக்குக் குடும்பமாகப் போய்வர முடிவு செய்திருக்கிறோம். இடத்தைத்தான் முடிவு செய்ய இயலவில்லை. மூன்று வாரங்களாகப் பிள்ளைகள் உறங்கிய பின்னர் உல்லாச விடுதிகளின் படங்களையும் விலைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் படங்களிலும் அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளைக் கட்டில், அதே இரண்டு தென்னைகள். ஐந்து நட்சத்திரம் என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் பிரித்தறிய முடியவில்லை.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், 9 வயது மகள், 6 வயது மகன், 74 வயதான என் அம்மா. அம்மா பருத்தித்துறையில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். கனடாவுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் பலமுறை நின்றிருக்கிறாரே தவிர, உப்புத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. சென்ற மார்கழியில் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தப்பினார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், யாரும் கேளாமலே, "இன்னொருக்கால் கடலுக்குள்ளை இறங்கி நிக்கவேணும்" என்றார். அதன் பிறகுதான் இந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கினோம்.

அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டுகள் கடினம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுக்கிறார். முட்டையும் சேர்க்காத மரக்கறிச் சாப்பாடு.

விமானச் சீட்டோடு சேர்த்து ஐந்து பேருக்கும் 15,000 கனேடிய டொலர் வரை ஒதுக்கியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் இது. ஆகவே மலிவானதைத் தேடவில்லை; நல்ல விடுதியில், அம்மா களைக்காமல் இருக்கக்கூடிய ஒரு கிழமையைத் தேடுகிறேன். மார்ச் மாதப் பாடசாலை விடுமுறையில் விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடுவதால், பெப்ரவரியில் பிள்ளைகளை ஐந்து நாட்கள் பாடசாலையில் இருந்து மறிக்கத் தீர்மானித்துவிட்டோம்.

என் பட்டியலில் மெக்சிக்கோவின் ரிவியேரா மாயா, டொமினிக்கன் குடியரசின் புன்ரா கானா, பார்படோஸ் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கணவருக்கு மாலைதீவின்மேல் ஆசை. அம்மாவோ, அவ்வளவு காசைச் செலவழித்து எங்கேயோ போவதைவிட ஊருக்கே போகலாமே என்கிறார். முதியவர்களை அழைத்துச் சென்று வந்தவர்கள், உங்கள் அனுபவத்தில் இருந்து எதைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும் என்று சொல்வீர்களா?

பதில்: கடலோடி (ஒட்டாவா)

சகோதரி, உங்கள் தாயார் கடலுக்குள் இறங்கி நிற்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம் என்றால், விடுதியைத் தெரிவு செய்வதற்கு முன்னர் கடலைத் தெரிவு செய்யுங்கள். நான் இதைச் செலவழித்துக் கற்றுக்கொண்டவன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனவரியில், புன்ரா கானா விமான நிலையத்தில் இருந்து வடக்கே உள்ள உவெரோ ஆல்ரோ என்ற பகுதிக்கு மாமனார் மாமியாரோடு போனோம். விடுதியில் ஒரு குறையும் இல்லை. அறை, சாப்பாடு, பணியாளர்களின் அன்பு எல்லாமே கொடுத்த பணத்துக்கு மேலாக இருந்தன. ஆனால் ஏழு நாட்களில் ஐந்து நாட்கள், கடலில் இறங்கக்கூடாது என்று காட்டும் செங்கொடி கடற்கரைக் கம்பத்தில் பறந்தது. என் மகன் ஒவ்வொரு காலையும் பல் துலக்கியபடியே மாடத்துக்கு ஓடிப்போய்க் கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வருவான். மாமனார் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கரையில் கதிரை போட்டு உட்கார்ந்தபடி ஒரு கிழமையைக் கழித்தார். அலை இறைத்த மணல் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கரை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள்.

காரணம் எளியது. கரீபியன் கடலில் ஆண்டு முழுவதும் வடகிழக்கு வியாபாரக் காற்று வீசுகிறது; டிசம்பரில் இருந்து மார்ச் வரை அது பலமாக இருக்கும். ஆகவே கிழக்கையும் வடகிழக்கையும் பார்த்த கரைகள் திறந்த அத்திலாந்திக்கின் அலையை நேரே வாங்குகின்றன. மேற்கையும் தெற்கையும் பார்த்த கரைகளுக்குத் தீவே சுவராக நின்றுவிடுகிறது. பார்படோஸ் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் தீவு அகலத்தில் ஏறக்குறைய 23 கிலோமீற்றர்தான். கிழக்கே பத்ஷீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள் மட்டுமே இறங்கும் கடல். மேற்கே ஹோல்ரவுன், பேய்ன்ஸ் பே பகுதிகளில் குழந்தைகள் இடுப்பளவு தண்ணீரில் விளையாடும் கடல். ஒரே தீவு, ஒரே நாள்! மேற்குக் கரையிலும் குளிர்காலத்தில் வடக்கில் இருந்து நீண்ட அலை வந்து ஓரிரு நாட்கள் கலக்குவதுண்டு. ஆனால் அது விதிவிலக்கு.

டொமினிக்கன் குடியரசிலும் அதே கணக்குத்தான். உவெரோ ஆல்ரோ, மக்காவோ இரண்டும் வேண்டாம். பாவாரோவில் கரைக்கு வெளியே பவளப்பாறை இருப்பதால் அலை ஓரளவு உடைந்து வரும். ஆனாலும் காற்று இருக்கும். நான் இரண்டாம் முறை தெரிவு செய்தது, தீவின் தென்கிழக்கில் கரீபியன் கடல் பக்கமாக உள்ள பயாஹீபே. புன்ரா கானா விமான நிலையத்தில் இருந்து வாகனத்தில் ஒரு மணி நேரம். அங்கே இருந்த கிழமையில் செங்கொடியை நாங்கள் ஒரு நாளும் காணவில்லை. மாமியார் காலை ஏழு மணிக்கே தண்ணீருக்குள் நின்று சூரிய நமஸ்காரம் செய்தார்.

மெக்சிக்கோவைப் பொறுத்தவரை, ரிவியேரா மாயாவுக்குச் சற்று வடக்கே உள்ள கன்கூன் நகரின் விடுதி வலயம் ஏழு என்ற இலக்கத்தைப் போன்ற வடிவம் உடையது. அதன் நீண்ட பக்கம் கிழக்கே திறந்த கடலைப் பார்க்கிறது. படத்தில் மிக அழகாக இருக்கும், காலடியில் நீரோட்டம் இழுக்கும். மேலே உள்ள குறுகிய பக்கம் வடக்கைப் பார்க்கிறது. அங்கே தண்ணீர் அமைதியானது. இஸ்லா முஹேரஸ் தீவின் வடக்குக் கரையும் அப்படியே. தெற்கே புவேர்ரோ மொரேலோஸ், அக்குமால் ஆகிய இடங்களில் பவளத்திட்டு காவல் நிற்கிறது. ஆனால் பெப்ரவரியில் "நோர்த்தே" என்று அவர்கள் அழைக்கும் குளிர்காற்று வட அமெரிக்காவில் இருந்து இறங்கி வரும். வந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு வானம் மூடி, மாலையில் மேலங்கி தேடவேண்டியிருக்கும். ரொறன்ரோ குளிரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் ஈரச்சேலையோடு கரையேறும் 74 வயதுக்காரருக்கு அது குளிர்தான். பார்படோஸும் டொமினிக்கனும் இன்னும் தெற்கே, கிழக்கே இருப்பதால் அந்தக் காற்றின் பாதிப்பு குறைவு. கடல்நீர் அங்கே பெப்ரவரியிலும் ஏறக்குறைய 26 பாகை செல்சியஸ் இருக்கும்.

கடற்பாசியைப் பற்றியும் ஒரு சொல். சர்காசம் என்ற பழுப்புப் பாசி 2011 முதல் கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். வழமையாக மார்ச், ஏப்ரலில் தொடங்கிக் கோடை முடியும் வரை அதன் தொல்லை அதிகம். ஆகவே மார்ச் விடுமுறையைத் தவிர்த்தது விலைக்காக மட்டுமன்றி இதற்காகவும் நல்ல முடிவு.

நாளைப் பொறுத்தவரை பெப்ரவரியின் முதல் பத்து நாட்களுக்குள் போய்விடுங்கள். ஒன்ராறியோவின் குடும்ப தினமும் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் தினமும் ஒரே திங்கட்கிழமையில், அதாவது மாதத்தின் மூன்றாம் திங்களில் வருகின்றன. அந்தக் கிழமையில் இரண்டு நாட்டுக்காரரும் ஒரே கரைக்கு வருவார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஒரு விடுதியைப் பற்றி உறுதி செய்வதற்கு முன், இணையத்தில் செயற்கைக்கோள் வரைபடத்தை விரித்து அந்தக் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்குச் சற்று வெளியே வெள்ளைக் கோடு நீளமாகத் தெரிந்தால் அங்கே பாறைத்திட்டில் அலை உடைகிறது, உள்ளே தண்ணீர் அமைதி. கரையை ஒட்டியே வெள்ளை நுரை தெரிந்தால் அலை நேரே வருகிறது. கரையோரம் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் கடற்புல் அல்லது பாறை. அம்மா வெறுங்காலோடு நிற்க முடியாது. விடுதி வெளியிடும் படத்தைவிட இது நம்பகமானது.

பதில்: தஞ்சாவூரான் (மினியாபொலிஸ்)

வணக்கம் அம்மா. கடலோடி ஐயா கடலைப் பற்றிச் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் அறையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் சென்ற ஆண்டு என் தாயாரோடு ரிவியேரா மாயா சென்றபோது இந்த இரண்டிலும்தான் தடுமாறினோம்.

முதலில் அறை. பெரிய விடுதிகளில் பெரும்பாலானவை ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. நீங்கள் ஐந்து பேர் என்பதால் இரண்டு அறைகள் எடுக்க வேண்டியிருக்கும், அல்லது குடும்பத்துக்கான பெரிய அறைத்தொகுதி வேண்டும். இரண்டு அறைகள் என்றால் நடுவில் கதவு உள்ள இணைப்பு அறைகளாகக் கேளுங்கள். அதிலும் "கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற பதிலை ஏற்காதீர்கள். "உறுதி" என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குக் கோரிக்கை மட்டும்தான் பதிவாகியிருந்தது. போய் இறங்கிய இரவு, அம்மாவின் அறை வேறொரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. மறுநாள் மதியம் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், அந்த ஓர் இரவில் அம்மா அறையை விட்டு வெளியே வரவே பயந்தார்கள். தரைத்தளம், அல்லது மின்தூக்கி உள்ள கட்டடம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அறையில் இருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை நிமிட நடை என்றும் கேளுங்கள். பெரிய விடுதி என்றால் அது 15 நிமிடம் கூட ஆகலாம். மின்வண்டி வரும், ஆனால் காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்குச் சிறிய விடுதியே சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. குளியலறையில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, அல்லது தரையோடு ஒட்டிய குளியல் இடமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, "வயதுவந்தவர்களுக்கு மட்டும்" என்ற வகை விடுதிகள் அந்தக் கரைகளில் ஏராளம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை முதலிலேயே பார்த்து விலக்க வேண்டும்.

இனிச் சாப்பாடு. ஆல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடும் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்கும் விடுதிகளில் பழம், ரொட்டி, சாலட், பாஸ்தா என்று பசிக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பார்வைக்குச் சைவமாகத் தெரிவது சைவமாக இருக்காது. மெக்சிகோவில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். தக்காளிச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. "கார்னே வேண்டாம்" என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி மட்டும் வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் உவேவோ" என்று நான்கையும் சொல்ல வேண்டும்: இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் இல்லாமல். கூடவே "சின் கால்தோ தே போயோ", கோழிச் சாறு இல்லாமல். நான் இதை ஓர் அட்டையில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்தேன். இரண்டாம் நாள் காலை, தலைமைச் சமையல்காரரே அந்த அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, எங்களைச் சமையற்கூடத்துக்கு அழைத்துப்போய்த் தனி வாணலியில் கறுப்பு பீன்ஸும் வெண்டைக்காயும் வதக்கிக் கொடுத்தார். அம்மா அந்த வாரம் முழுவதும் அவரை "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள். டொமினிகன் குடியரசிலும் ஸ்பானிஷ்தான் மொழி, அதே அட்டை அங்கும் உதவும். முன்பதிவு செய்யும்போதே விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி, முட்டையும் சேர்க்காதவர் என்று சொல்லிவிடுங்கள்; பதில் எவ்வளவு அக்கறையாக வருகிறது என்பதிலேயே விடுதியின் தரம் தெரிந்துவிடும்.

வடலி (மார்க்கம்)

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு செயற்கைக்கோள் படத்தில் பயாஹீபேயையும் உவெரோ ஆல்ரோவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். உவெரோ ஆல்ரோவில் கரை நீளத்துக்கும் வெள்ளை நுரை. பயாஹீபேயில் கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மகளையும் எழுப்பிக் காட்டினேன்.

மாலைதீவையும் இலங்கையையும் பற்றி எவராவது சொன்னால் வீட்டில் பேசித் தீர்க்க உதவியாக இருக்கும். அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

பதில்: மழைமுகில் (களுத்துறை, இலங்கை)

வணக்கம் அக்கா. நான் தென்மேற்குக் கரையில் ஓர் உல்லாச விடுதியின் வரவேற்புப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் எங்களிடம் வருபவர்களில் உங்களைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களும் உண்டு என்பதால், அவர்களிடம் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் தீவில் கரை இரண்டு, பருவமும் இரண்டு. டிசம்பரில் இருந்து மார்ச் முடியும் வரை பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுனை, மிரிசை, தங்காலை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் அமைதியாகவும் வானம் வெளித்தும் இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அதே கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே பாசிக்குடாவும் நிலாவெளியும் அமைதியாகிவிடும். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரிலேயே நெடுந்தூரம் நடக்கலாம் என்பது உண்மை, உங்கள் தாயாருக்கு அதைவிடப் பொருத்தமான கடல் இல்லை. ஆனால் அதற்குச் சித்திரையில் இருந்து புரட்டாதி வரையான காலம்தான் உகந்தது. பெப்ரவரியில் வந்தால் பெந்தோட்டைப் பக்கமே சரி.

அழகைப் பற்றிக் கேட்டால், இங்கே விடுதி கட்டும் கலையைக் கற்பித்தவர் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர். 1960களின் இறுதியில் பெந்தோட்டையில் அவர் கட்டிய விடுதியும், பின்னர் அஹுங்கல்லையில் நீச்சல்தடாகத் தண்ணீர் கடலோடு கலப்பதுபோல் அமைத்த விடுதியும் இன்றும் ஆட்களை இழுக்கின்றன. மரம், முற்றம், காற்று மூன்றையும் விடுதிக்குள் கொண்டுவந்தவர் அவர். அறையில் இருந்து கால்வைத்தால் மணல் என்ற அமைப்பு இங்கே நிறைய. சாப்பாட்டைப் பற்றி உங்கள் தாயாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இடியப்பமும் சொதியும் காலைச் சாப்பாட்டிலேயே இருக்கும்.

ஆனாலும் அக்கா, ஒரு கிழமைக்காக இங்கே வராதீர்கள். ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் இறங்கி ஏறி வர, வீட்டு வாசலில் இருந்து விடுதி வாசல் வரை ஒரு நாளுக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் பத்தரை மணி. நீண்ட பயணம் செய்து வரும் முதியவர்கள் முதல் மூன்று நாட்கள் பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வருபவர்களும் உண்டு. மூன்று கிழமை விடுமுறை கிடைக்கும் ஆண்டில் வாருங்கள். முதலில் பெந்தோட்டையில் நான்கு நாட்கள் களைப்பாறிவிட்டு, பிறகு பருத்தித்துறைக்குப் போகலாம். பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலும் மழை ஓய்ந்து காற்று இதமாக இருக்கும்.

மாலைதீவும் பெப்ரவரியில் மிக அழகு, மழை குறைந்த மாதம். ஆனால் அங்கே ஒரு தீவு என்றால் ஒரு விடுதி. தொலைவில் உள்ள தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போகவேண்டும். அதன் ஏணிப்படி குறுகலானது, மிதக்கும் மேடையில் இருந்து ஏறவேண்டும். பகல் வெளிச்சத்தில் மட்டுமே அது பறக்கும் என்பதால், மாலையில் வந்து இறங்குபவர்கள் ஓர் இரவைத் தலைநகர்ப் பக்கத்தில் கழிக்க நேரிடும். தண்ணீருக்கு மேல் கட்டிய வீடுகள்தான் உங்கள் கணவர் பார்த்த படங்களில் இருந்திருக்கும். அவற்றில் கடலுக்குள் இறங்க நேர்ப்படிதான் உண்டு. சிறு பிள்ளைகளை அவற்றில் தங்க அனுமதிக்காத விடுதிகளும் பல. விலையின்மேல் சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் வரும். 2025 ஜனவரி முதல் பெரிய விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 அமெரிக்க டொலர் பசுமை வரியும் உண்டு. ஐந்து பேர், ஏழு இரவு என்றால் அந்த ஒரு வரி மட்டுமே 420 டொலர். திருமண நாளுக்கு நீங்கள் இருவர் மட்டும் போவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கார்காலம் (மொன்றியல்)

பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்ல விரும்புகிறேன்: குவாதலூப். பிரான்சுக்குச் சொந்தமான கரீபியன் தீவு. மொன்றியலில் இருந்து நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தீவின் தெற்குக் கரையில் சேந்த் ஆன் என்ற ஊரில் பவளத்திட்டுக்கு உள்ளே தேங்கிய கடல்; என் மாமியார் தண்ணீருக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கிளப் மெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின், குடும்பங்களுக்கான விடுதி ஒன்றும் அந்தக் கரையில் உள்ளது.

ஆனால் நான் அதைச் சொல்வது கடலுக்காக மட்டும் அன்று. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழரைக் கப்பலேற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் ராமசாமி, முத்துசாமி என்பன அங்கே குடும்பப் பெயர்கள்; மாரியம்மன் வழிபாடு இருக்கிறது; சந்தையில் மஞ்சளும் மல்லியும் சீரகமும் சேர்த்து அரைத்த "கொலொம்போ" தூள் கிடைக்கிறது. கபெஸ்தேர் என்ற ஊரில் நெடுஞ்சாலையோரம் வண்ணச் சிலைகளோடு நிற்கும் கோயிலைக் கண்டதும் மாமியார் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். உள்ளே இருந்த முதியவர் ஒருவர் பிரெஞ்சில் பேசிக்கொண்டே வந்து, மாமியாரின் நெற்றியில் திருநீறு பூசினார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு தெரியாவிட்டால் சிரமம். செலவு யூரோவில். புன்ரா கானா போல ஒரு கரைக்கு நூறு விடுதி இல்லாததால் தெரிவு குறைவு, பெப்ரவரிக்கு முன்கூட்டியே இடம் பிடிக்கவேண்டும். மார்க்கத்தில் இருந்து மொன்றியலுக்கு வந்து விமானம் ஏறுவது உங்கள் தாயாருக்கு மேலதிகக் களைப்பு என்றால் இதை விட்டுவிடுங்கள்.

பதில்: கடலோடி (ஒட்டாவா)

முன்னர் எழுத மறந்துபோன ஒன்று, இதை நான் மறந்திருக்கவே கூடாது: அம்மாவின் பயணக் காப்புறுதி. ஒன்ராறியோ அரசின் காப்புறுதி வெளிநாட்டில் வைத்தியசாலையில் தங்கினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலரும், தங்காமல் பார்க்கும் வைத்தியத்துக்கு நாளொன்றுக்கு 50 டொலர் வரையும்தான் கொடுக்கும். தனியார் காப்புறுதி கட்டாயம் தேவை. அதில் "நிலையான உடல்நிலை" என்ற நிபந்தனை இருக்கும்: புறப்படுவதற்கு முந்திய 90 நாட்களிலோ 180 நாட்களிலோ ஏற்கெனவே உள்ள நோய்க்கான மருந்து கூட்டப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, அந்த நோயால் வரும் செலவை அவர்கள் ஏற்கமாட்டார்கள்.

என் தகப்பனாருக்குப் பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னர் இரத்த அழுத்த மாத்திரையை வைத்தியர் குறைத்தார். உடல்நிலை தேறியதால்தான் குறைத்தார். நாங்கள் மகிழ்ச்சியோடு போனோம். அங்கே நான்காம் நாள் மயங்கி விழுந்து இரண்டு இரவு வைத்தியசாலையில் இருந்தார். மாத்திரையின் அளவு மாறியதைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. குறைத்ததும் மாற்றம்தான் என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்ததை நாங்கள் பின்னரே படித்தோம். ஆகவே பெப்ரவரிப் பயணம் என்றால், இப்போதே குடும்ப வைத்தியரிடம் போய் மாற்றம் ஏதும் தேவைப்படுமா என்று கேளுங்கள். தேவையென்றால் இப்போதே செய்யட்டும். மருந்தை மாற்றாமல் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மாற்றினால் அதை ஏற்கும் காப்புறுதியை அதிக விலை கொடுத்தாவது வாங்குங்கள் என்கிறேன். மருந்துகளைக் கைப்பையிலேயே, மருந்தகப் பெயரட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மற்றது, சில விடுதிகளில் மணலில் உருளும் அகன்ற சக்கர நாற்காலி உண்டு. முழங்கால் வலி கூடும் நாளில் அது தண்ணீர் விளிம்பு வரை கொண்டுபோகும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

வடலி (மார்க்கம்)

எல்லோருக்கும் நன்றி. பெப்ரவரி முதற்கிழமைக்குப் பயாஹீபேயில் ஒரு நடுத்தர அளவான விடுதியைத் தெரிவு செய்திருக்கிறோம். தரைத்தளத்தில் இணைப்புக் கதவுள்ள இரண்டு அறைகள். "உறுதி" என்று எழுத்தில் வந்துவிட்டது. முட்டையும் சேர்க்காத சாப்பாட்டைப் பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குச் சமையற்கூடத்தில் இருந்தே பதில் வந்தது. அம்மா காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து பேருக்கும் காப்புறுதி தவிர 13,900 டொலர் ஆகிறது. குடும்ப வைத்தியரிடம் வருகிற வியாழக்கிழமை நேரம் எடுத்திருக்கிறேன். ஊருக்குப் போவதை அடுத்த ஆண்டு மூன்று கிழமையாக, மழைமுகில் தம்பி சொன்னபடியே செய்யலாம் என்றதும் அம்மா சமாதானமாகிவிட்டார். குவாதலூப்பைப் பற்றி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் திருநீறு பூசிய முதியவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

கடலோடி அண்ணா, அம்மாவின் சார்பில் ஒரு கேள்வி. பயாஹீபேயில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்புமா, கடலுக்குள் விழுமா என்று கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: கடலோடி (ஒட்டாவா)

கடலுக்குள் விழும். பெப்ரவரியில் மாலை ஆறரை மணிக்குக் கிட்ட. ஆறு மணிக்கே கதிரைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள்.